நூறுக்குக் கீழே

திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு டயாலிசிஸ் மையத்தின் தலைமை நர்ஸ் போன் செய்தார். வழக்கமாக அவர் பேசினால் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக்கொள்வேன், அவ்வளவு சத்தம். அன்று குரலைத் தாழ்த்திப் பேசினார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

“உங்க ஸ்கிரீன்ல ஒரு பொட்டி வருதும்மா. ‘கதவு திறந்து கிடக்கு, மூடுங்க’ன்னு எழுதியிருக்கு. ஓகே அழுத்தினா போயிடுது. அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தா மறுபடி வருது. நாங்களும் வாசக்கதவு, மருந்து ரூம், பின்பக்கம் எல்லாம் போய்ப் பார்த்துட்டோம். மூடித்தான் இருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கேட்டேன். ‘குறைகள்’ பக்கம் என்றார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அந்தப் பக்கத்தை எழுதியவள் நான்.

எங்கள் கம்பெனியில் மொத்தம் நாலே பேர். முதலாளிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அவசரம். எதைக் கேட்டாலும் அது நேற்றே வேண்டும் அவருக்கு. அந்த மையத்துக்கு எட்டு மாதத்துக்கு முன் ஒரு மென்பொருள் செய்து கொடுத்தோம். எந்த நோயாளிக்கு எந்த நாள், எந்த நாற்காலி, எடை எவ்வளவு, எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நோயாளிகள் தங்கள் போனிலிருந்தே குறைகளை எழுதிப் போடலாம். அது சேமிக்கப்பட்டு நர்ஸ்களின் ஸ்கிரீனில் வரும். இதைப் பெரிய வசதி என்று அவசரம் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

கோளாறு இதுதான். ஒருவர் குறை எழுதும் இடத்தில் குறைக்குப் பதிலாகக் கம்ப்யூட்டருக்கான கட்டளை ஒன்றை எழுதிப் போட்டால், அதுவும் அப்படியே சேமிக்கப்படும். பிறகு நர்ஸ் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது பிரவுசர் அதைப் படித்துக் காட்டாது, செய்து காட்டும். இது வெறும் எழுத்து, எழுத்தாகவே காட்டு என்று பிரவுசரிடம் சொல்லிவைக்க வேண்டியது என் வேலை. நான் சொல்லவில்லை. வந்த கட்டளை ஒரு பெட்டியைக் காட்டியதோடு நின்றது எங்கள் அதிர்ஷ்டம். கெட்ட எண்ணம் உள்ளவன் எழுதியிருந்தால், நர்ஸின் பெயரிலேயே யாருடைய எடையை வேண்டுமானாலும் மாற்றியிருப்பான். நர்ஸுக்கே தெரிந்திருக்காது.

போன் கை மாறியது. மையத்தின் நிர்வாகி பேசினார். “யார் பண்ணதுன்னு சாயந்தரத்துக்குள்ள எனக்குத் தெரியணும். பேஷண்டோ, கூட வர்றவங்களோ, யாரா இருந்தாலும் சரி. அவங்க சேரை அன்னிக்கே வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கறவங்களுக்குக் கொடுத்துடுவேன். நாப்பது பேர் காத்துகிட்டு இருக்காங்க.”

பார்க்கிறேன் சார் என்று சொல்லிவிட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை காலை பத்தரை மணி. நோயாளி எண் 114. அந்த எண்ணை நான் தேட வேண்டியதில்லை. எட்டு மாதத்துக்கு முன் அவரை அதில் பதிவு செய்ததே நான்தான். என் அத்தான். அக்காவின் வீட்டுக்காரர்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் வேலையை விட்டுவிட்டார். இந்த மையத்தில் ஆறாம் நாற்காலி கிடைப்பதற்கு முன் ஐந்து மாதம், வாரத்துக்கு மூன்று முறை, போக இரண்டு மணி நேரம் வர இரண்டு மணி நேரம் பஸ்ஸில் அலைந்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் வாந்தி எடுப்பார். அக்கா ஒரு கையில் பையும் ஒரு கையில் அவருமாக இறங்குவாள். அந்த நாற்காலி போனால் மறுபடியும் அதே பஸ்தான். இந்த முறை அவர் உடம்பு அதைத் தாங்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டு அவருக்குப் போன் போட்டேன்.

“அத்தான், சனிக்கிழமை சேர்ல உட்கார்ந்துகிட்டு என்ன பண்ணீங்க?”

“ரத்தத்தைச் சுத்தம் பண்ணிகிட்டேன்.”

“விளையாடாதீங்க. குறைகள் பக்கத்துல என்ன எழுதுனீங்க?”

“ஓ, பொட்டி வந்துடுச்சா?” குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “நாலு மணி நேரம், ஒரு கைதான் ஃப்ரீ. எத்தனை நாளைக்கு சமையல் வீடியோவே பார்க்கறது? வெப்சைட் எப்படிப் பண்றாங்கன்னு ஒரு பாடம் ஓடிச்சு, பார்த்தேன். அப்படியே உங்க பக்கத்துலயும் போட்டுப் பார்த்தேன்.”

“அதுக்கு இப்படியா பண்ணுவாங்க?”

“ரெண்டு தடவை மரியாதையா எழுதிப் போட்டேன் சின்ன மேடம். ஒருத்தரும் கண்டுக்கல. லிஃப்ட் கதவு ஒழுங்கா நிக்குதான்னு எப்படிப் பார்ப்போம் தெரியுமா? மூடும்போது நடுவுல கையை விட்டுப் பார்ப்போம். அதே மாதிரிதான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“உன் வேலையில குறை சொன்னா உனக்கு மூக்கு மேல கோபம் வரும். நீ கத்துவே. அப்புறம் உங்க அக்கா உன் பக்கம் நின்னுகிட்டு என்னைத் திட்டுவா. எதுக்கு வம்பு?”

அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. சேர் போய்விடும், தெரியுமா உங்களுக்கு என்று கத்தினேன். போனை வைத்துவிட்டு இருக்கைக்கு வந்தேன்.

அவசரம் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “பன்னண்டு மணிக்குள்ள பொட்டி வரக் கூடாது. என்ன பண்ணுவியோ தெரியாது.”

முறையாகச் செய்வதென்றால், சேமித்ததை ஸ்கிரீனில் காட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் போய், எழுத்தை எழுத்தாகக் காட்டச் சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு இடங்கள். குறைந்தது இரண்டு நாள் வேலை. இன்னொரு வழியும் இருந்தது, பத்தே நிமிடத்தில் முடிவது. கட்டளைகள் எப்போதும் ‘<’ என்ற குறியில்தான் தொடங்கும். சேமித்து வைத்திருக்கும் எல்லாவற்றிலும் அந்தக் குறியைத் தேடி, அதிலிருந்து தொடங்குவதையெல்லாம் வெட்டிவிட்டால் பெட்டி போய்விடும். அத்தான் எழுதியதும் தடயமில்லாமல் போய்விடும். நிர்வாகி கேட்டால் யாரென்று தெரியவில்லை, சுத்தம் செய்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாவது வழியை ஏன் எடுத்தேன் என்று யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு அவர் பெயர் அதில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

குறைகளில் மட்டும் வெட்டினால் போதாது, நர்ஸ்கள் எழுதும் குறிப்புகளிலும் இதே ஓட்டை இருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதினேன். முதலில் எங்கள் சோதனை நகலில் ஓட்டிப் பார்த்தேன். அங்கே இருக்கும் குறிப்புகள் எல்லாம் நாங்களே போட்டவை: டெஸ்ட், டெஸ்ட் இரண்டு, பசிக்குது, அவசரம் ஒழிக. ஒன்றுக்கும் சேதம் இல்லை. மையத்தின் டேட்டாபேஸில் ஓட்டினேன். மாற்றப்பட்ட வரிகள் 38 என்று காட்டியது. அதில் ஒன்று அத்தானுடையது. மற்ற முப்பத்தேழு என்ன என்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டி வரவில்லை. பதினொன்றே முக்காலுக்கு அவசரம் எனக்கு டீ வாங்கித் தந்தார். அந்த எட்டு மாதத்தில் அதுவே முதல் டீ. சாயந்தரம் நிர்வாகி கேட்டதற்கு, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அத்தானுக்கு டயாலிசிஸ் நாள். காலை எட்டே முக்காலுக்கு அக்கா போன் செய்தாள். அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை. அவர் நாற்காலியிலேயே மயங்கிவிட்டார் என்பது மட்டும் புரிந்தது. ஆட்டோவில் ஏறி எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இப்போதும் ஞாபகம் இல்லை.

நான் போனபோது கால்களை உயர்த்திச் சாய்த்துப் படுக்கவைத்திருந்தார்கள். சலைன் ஏறிக்கொண்டிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “பொட்டி போயிடுச்சா?” என்று கேட்டார். அக்கா அவர் வாயைப் பொத்தினாள்.

பக்கத்தில் ஒரு புது நர்ஸ் நின்றிருந்தாள். வேறொரு மையத்திலிருந்து வந்தவள், அன்றுதான் அவளுக்கு இங்கே முதல் நாள். “பொதுவா ரத்தத்தோட மேல் அழுத்தம் தொண்ணூறுக்கு இறங்கற வரைக்கும் உடம்புலேருந்து நீரை எடுப்போம் மேடம். இவருக்கு வேற மாதிரின்னு எனக்கு எப்படித் தெரியும்? குறிப்புல ஒண்ணுமே இல்லையே.”

ஸ்கிரீனைப் பார்த்தேன். ஆறாம் நாற்காலி, எண் 114, கவனிக்க வேண்டியது: ‘மேல் அழுத்தம்’. அத்தோடு நின்றிருந்தது.

தலைமை நர்ஸ் குறிப்பு எழுதும் விதம் அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. அவர் குறைவு என்று எழுத மாட்டார், நூறுக்குக் கீழே என்றும் எழுத மாட்டார். அவ்வளவு எழுத அவருக்கு நேரம் கிடையாது. படித்த காலத்திலிருந்து ஒரே குறிதான். ‘மேல் அழுத்தம் <100 ஆனால் நீர் எடுப்பதை நிறுத்து’. என்னுடைய கத்திரி அந்தக் குறியைக் கட்டளை என்று நினைத்து, அங்கிருந்து கடைசிவரை வெட்டிப் போட்டிருந்தது. முப்பத்தேழு பேருக்கு.

நிர்வாகியின் அறைக்கு ஓடினேன். எனக்கு முன்பே அவசரம் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். தலைமை நர்ஸ் அலமாரியில் சாய்ந்து நின்றிருந்தார். நிர்வாகியின் முகம் கடுகடுவென்று இருந்தது.

“பாருங்க, அந்த ஹேக்கர் எங்க குறிப்பையெல்லாம் அழிச்சிருக்கான். ஒரு உயிர் போயிருக்கும். நான் போலீசுக்குப் போறேன்.”

“கண்டிப்பா சார், அவனேதான்,” என்று அவசரம் அவசரமாகத் தலையாட்டினார். என் பக்கம் திரும்பி, “சொல்லும்மா, எந்த நம்பர்லேருந்து வந்துச்சு? உங்கிட்டதான் இருக்கும்ல?” என்றார்.

அந்த ஒரு நிமிடத்தை நான் நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன். தெரியவில்லை சார் என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அத்தானும் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன், யாரோ ஒரு ஹேக்கர் தலையில் எல்லாம் போய்விடும். ஆனால் மதிய ஷிஃப்ட் ஒரு மணிக்குத் தொடங்கும். அதற்குள் அந்தக் குறிப்புகள் எல்லாம் திரும்பி வர வேண்டும். எதனால் போனது என்று சொல்லாமல் எதைத் திருப்பிக் கொடுப்பது?

“குறிப்பை அழிச்சது ஹேக்கர் இல்ல சார். நான்தான்,” என்றேன்.

அவசரத்தின் முகத்தில் ஈயாடவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். அத்தான் பெயரை மட்டும் சொல்லவில்லை. நிர்வாகி ஏதோ கத்த வாயைத் திறந்தார். தலைமை நர்ஸ் அவருக்கு முன் பேசினார்.

“திட்டறதை அப்புறம் திட்டிக்கலாம் சார். எத்தனை பேர் குறிப்பு போச்சு?”

“முப்பத்தேழு சிஸ்டர். ஞாயித்துக்கிழமை ராத்திரி எடுத்த பேக்கப்ல எல்லாம் அப்படியே இருக்கு. ஆனா நேத்து நீங்க புதுசா எழுதினது அதுல இருக்காது. ஒண்ணொண்ணா பார்த்துதான் போடணும்.”

“அப்ப வா, உட்காரு.”

நர்ஸ்களின் மேஜையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேக்கப்பிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்துப் படித்தேன். அவர் சரி என்றால் சேர்த்தேன். பல வரிகளை நான் படித்து முடிப்பதற்குள் அவரே மீதியைச் சொன்னார். இந்தம்மாவுக்கு சர்க்கரை எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. அந்த ஆள் எடை ஐம்பத்திரண்டுக்குக் கீழே போனால் டாக்டரைக் கூப்பிடு. நிர்வாகி எங்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவசரம் எங்கே நிற்பது என்று தெரியாமல் அங்கும் இங்கும் நடந்தார். பன்னிரண்டே காலுக்கு முப்பத்தேழும் முடிந்தது.

“முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கே?” என்று ஸ்கிரீனைக் காட்டினார் தலைமை நர்ஸ். “இன்னொண்ணு என்ன?”

அவரே மௌஸை வாங்கிப் பேக்கப்பிலேயே அதைத் திறந்தார். சனிக்கிழமை, குறைகள், எண் 114. ஒரு வரிக் கட்டளை. அதன் நடுவில் ‘கதவு திறந்து கிடக்கு, மூடுங்க’.

“இதானே அந்தப் பொட்டி?”

“ஆமா சிஸ்டர்.”

“ஆறாம் நம்பர். இப்ப மயங்கிக் கிடக்கறவர்.”

“என் அத்தான்,” என்றேன். நிர்வாகி கட்டிய கையை எடுத்தார். நான் திரும்பிப் பார்க்காமலே சொன்னேன், “அவர் எதையும் அழிக்கல சார். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை ஒழுங்கா எழுதியும் போட்டிருக்கார். மேல பாருங்க.”

தலைமை நர்ஸ் குறைகள் பக்கத்தைத் திறந்து மேலே தள்ளினார். அவர் பழைய குரல் திரும்பியிருந்தது, ஹால் முழுக்கக் கேட்கும்படி படித்தார். “‘ஐயா, இந்தப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் கட்டளை எழுத முடிகிறது. செய்தவர்களிடம் சொல்லவும். அவர்கள் நல்லவர்கள், திட்ட வேண்டாம்.’ இது போன மாசம் நாலாம் தேதி. அடுத்தது பதினெட்டாம் தேதி. ‘ஐயா, முன்பு எழுதியதை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.’”

அந்தப் பக்கத்தின் மூலையில் சிவப்பில் ஒரு எண் இருந்தது. படிக்காதவை: 212. எட்டு மாதத்தில் குறைகள் பக்கத்தை யாருமே திறந்ததில்லை. அடுத்த வாரம் ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று திங்கட்கிழமைதான் முதன்முதலில் திறந்திருக்கிறார்கள். திறந்ததும் பெட்டி வந்திருக்கிறது.

“அவர் சேரை எடுக்கணும்னா எடுங்க சார்,” என்றார் தலைமை நர்ஸ். “எதுக்கு எடுத்தோம்னு எழுதும்போது இந்த இருநூத்திப் பன்னண்டையும் சேர்த்து எழுதுங்க. படிக்காததுல நானும் உண்டு, என் பேரையும் போடுங்க.”

நிர்வாகி அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தார். பிறகு, “சேர் இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. அழுதேன். தலைமை நர்ஸ் பஞ்சை எடுத்துக் கொடுத்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகச் சொன்னார்.

அவசரம் வாசலில் என்னைப் பிடித்து வாயில் வந்தபடி திட்டினார். நாளையிலிருந்து வராதே என்றார். படி இறங்குவதற்குள் அந்த நாற்பத்திரண்டு இடமும் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்று யோசித்திருப்பார் போலிருக்கிறது. நாளை எட்டு மணிக்கே வந்துவிடு என்றார்.

வந்தேன். இரண்டு நாளும் தலையை நிமிர்த்தவில்லை. சேமித்ததில் கை வைக்கவில்லை. யார் என்ன எழுதினாலும் அப்படியே இருக்கட்டும், காட்டும்போது மட்டும் எழுத்தாகக் காட்டு என்று ஒவ்வொரு இடத்திலும் எழுதினேன். சோதனைக்குத் தலைமை நர்ஸின் முப்பத்தேழு வரிகளையும் பெயர்களை எடுத்துவிட்டுப் பயன்படுத்தினேன். டெஸ்ட் டெஸ்ட் என்று போடுவதை அன்றோடு விட்டேன்.

சனிக்கிழமை காலை மையத்துக்குப் போய் ஸ்கிரீன்களைச் சரிபார்த்தேன். ஆறாம் நாற்காலியின் குறிப்பு கடைசிவரை வந்தது. அத்தான் எழுதிய கட்டளையும் குறைகள் பக்கத்தில் வெறும் எழுத்தாக, ஒன்றும் செய்யாமல் நின்றது. தலைமை நர்ஸ் பக்கத்தில், நோயாளிக் குறிப்புகளைக் கையால் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் புதிதாக இருந்தது. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அக்காவும் அத்தானும் வந்தார்கள். குறிப்பை வெட்டியது நான்தான் என்று அதற்குள் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அத்தானின் சட்டைப் பையில் ஊக்குக் குத்தி ஒரு காகிதம் தொங்கியது. கொட்டை கொட்டையாக அக்காவின் கையெழுத்து: மேல் அழுத்தம் நூறுக்குக் கீழே போனால் நீர் எடுப்பதை நிறுத்தவும்.

“அக்கா, இப்ப எல்லாம் சரி பண்ணிட்டேன். ஸ்கிரீன்லயே முழுசா வருது, வந்து பாரேன்.”

“சரிடி,” என்றாள். ஊக்கை இழுத்துப் பார்த்து இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். “இதுவும் இருக்கட்டும்.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். திட்டவில்லை. அதற்குப் பிறகு நான்கு மாதமாக வீட்டுக்குப் போனால் சாப்பாடு போடுகிறாள், பேசுகிறாள், எல்லாம் முன்போலத்தான். ஆனால் வாரத்துக்கு மூன்று நாளும் புதுக் காகிதம் எழுதி, அவர் சட்டையில் குத்தித்தான் அனுப்புகிறாள். அத்தான் ஒரு முறை எனக்காக அதைக் கழற்றப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டாள்.

போன சனிக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தேன். மையத்துக்குக் கிளம்பும் நேரம். அக்காவின் கை அடுப்பு வேலையில் ஈரமாக இருந்தது. “நீ எழுதுடி,” என்று காகிதத்தை என்னிடம் தள்ளினாள். உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக, குறி எதுவும் போடாமல் எழுதிக் கொடுத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, கடைசி வார்த்தை வரைக்கும் படித்துப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து ஒரு தடவை படித்தாள். பிறகுதான் ஊக்கை எடுத்தாள்.